அறுபத்தோராவது கேள்வி

பத்துக் கேள்விக்குப் பன்னிரண்டு நிமிடம் போதும் என்று சொல்லிவிட்டுத்தான் ஹெப்சிபா உள்ளே போனாள். இப்போது பதினெட்டு ஆகிவிட்டது, மூன்றாம் மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த தவமணி செல்போனை அமுக்கிப் பார்த்தாள், பதினெட்டுதான், சரியாகப் பார்த்தோமா என்று மறுபடி அமுக்கினாள், பத்தொன்பது. கதவு சாத்தியிருந்தது. சாத்தியிருப்பது நல்லதா கெட்டதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. திறந்திருந்தால் பேசுவது காதில் விழும், விழுந்தால் இன்னும் பயமாக இருக்கும், சாத்தியிருந்தால் உள்ளே என்ன நடந்தாலும் தெரியாது, தெரியாததால் எல்லாமே நடந்துகொண்டிருப்பது போல இருக்கிறது. உள்ளே மூன்று பேர். ஆராய்ச்சிக்காகச் சென்னையிலிருந்து வந்து, தவமணி கேட்டு எழுதியதில் பத்தை மட்டும் மறுபடி கேட்டுச் சரிபார்க்கும் ஹெப்சிபா, அந்த வீட்டு மருமகள் அழகுமீனா, மாமியார் குருவம்மாள். குருவம்மாளை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்கவேண்டும், அதுதான் விதி. ஆனால் குருவம்மாள் வெளியே வரவில்லை, வந்திருந்தால் இந்தப் படிக்கட்டைத் தாண்டித்தானே போகவேண்டும், தவமணியின் முழங்காலை இடித்துக்கொண்டுதானே போகவேண்டும். அப்படியென்றால் உள்ளேதான் இருக்கிறாள், மகளிர் உடல்நலம் என்று மேலே கொட்டை எழுத்தில் போட்ட அந்தப் படிவம் ஹெப்சிபாவின் மடியில் விரிந்து கிடக்கிறது, ஆறாவது பக்கத்தில் அறுபத்தோராவது கேள்விக்கு நேரே மூன்று என்ற எண்ணைச் சுற்றித் தவமணி போட்ட வட்டம் இருக்கிறது. குருவம்மாளுக்கு வாசிக்கத் தெரியும். இந்த வாரியக் குடியிருப்பில் அவள் வயதுப் பெண்களில் பேப்பரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசிப்பவள் அவள் ஒருத்திதான், தலைகீழாகப் பிடித்தாலும் வாசிப்பாள், டீக்கடையில் பஜ்ஜி மடித்துக் கொடுக்கும் தாளைக்கூட விடமாட்டாள். கடந்த பன்னிரண்டு மாதங்களில் உங்கள் கணவர் உங்களை அடித்தோ தள்ளியோ இருக்கிறாரா. ஒன்று, ஒருபோதும் இல்லை. இரண்டு, எப்போதாவது. மூன்று, அடிக்கடி. அழகுமீனா சொன்னது ஒன்று. தவமணி வட்டம் போட்டது மூன்று.

ஏன் போட்டாய், ஏன் போட்டாய் என்று பன்னிரண்டு நாளாக அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள், சோறு வடிக்கும்போது, பல் விளக்கும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இந்த வேலை கிடைத்ததே எழுத்து முத்துமுத்தாக இருந்ததால்தான், இந்த ஊர்க்காரி, வீடு வீடாக ஆள் தெரியும் என்பதால்தான். நாலு நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஃபேன் ஓடாத ஒரு மண்டபம், முன்னால் ஒரு வழுக்கைத் தலை சார். ஆராய்ச்சி ரெண்டு விதமாப் பண்ணலாம்மா, என்றார் அவர். எத்தனை பேருக்கு, எவ்வளவு, எத்தனை தடவைன்னு எண்ணிப் பார்க்கிறது ஒண்ணு. ஏன், எப்படி, அவங்களுக்கு அது என்னவா இருந்துச்சுன்னு உட்கார்ந்து கேட்கிறது இன்னொண்ணு. எண்ணுறதுக்கு நிறையப் பேர் வேணும், கேள்வி எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும், ஒரு சொல்லைக்கூட மாத்திக் கேட்கக்கூடாது. கதை கேட்கிறதுக்குக் கொஞ்சம் பேர் போதும், ஆனா பொறுமை வேணும், அவங்க பேசாம இருந்தா அதையும் பேசாம இருந்தாங்கன்னு எழுதிக்கணும், புதுசா எதுவும் வரலைங்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருக்கணும். தவமணிக்குக் கொடுத்தது எண்ணுகிற வேலை. கதை கேட்கிற வேலையைப் படித்தவர்கள் செய்வார்கள். ஏழு வீட்டுக்கு ஒரு வீடு, எந்த வீடு என்று நீங்கள் தேர்ந்தெடுக்கக்கூடாது, பிடித்த வீடு பிடிக்காத வீடு கிடையாது, பூட்டியிருந்தால் மூன்று தடவை போகவேண்டும், பக்கத்து வீட்டைப் பதிலுக்குச் சேர்க்கக்கூடாது. அவள் வடக்குப் படிக்கட்டிலிருந்து எண்ணத் தொடங்கினாள், ஏழாவது ஏழாவதாக எண்ணிக்கொண்டு வந்தபோது அழகுமீனா வீடு வந்து நின்றது. தெற்குப் படிக்கட்டிலிருந்து எண்ணியிருந்தால் மேல் மாடி வேலுத்தாய் வீடு வந்திருக்கும். வேலுத்தாய் புருசன் பொண்டாட்டியைப் பார்த்தாலே எழுந்து நிற்கிற ஆள், வட்டத்தை ஒன்றில் போட்டுவிட்டு நிம்மதியாகப் போயிருக்கலாம். எங்கேயோ ஒரு படிக்கட்டில் முதல் காலை வைத்ததில் இவ்வளவும் வந்து சேர்ந்ததே. அன்றைக்கு அழகுமீனா வீட்டில் அறுபது கேள்வி வரை ஒழுங்காகத்தான் போயிற்று, என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா. குருவம்மாள் எதிரே காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மாமியாரை அப்புறப்படுத்த ஒரு வழி பயிற்சியில் சொல்லியிருந்தார்கள், குடிக்கத் தண்ணீர் கேளுங்கள் என்று. தவமணி கேட்டாள். குருவம்மாள் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அழகு, அக்காவுக்குத் தண்ணி கொண்டா, என்றாள். கேள்வி கேட்கவேண்டிய பெண் எழுந்து உள்ளே போய்விட்டாள், மாமியாரும் இவளும் மட்டும் கூடத்தில். தண்ணீர் வந்தது, குடித்தாகிவிட்டது, இனி என்ன கேட்டு யாரை அனுப்புவது என்று தெரியாமல் தவமணி அறுபத்தோராவது கேள்வியைத் தணிந்த குரலில் ஆரம்பித்தாள். கடந்த பன்னிரண்டு மாதங்களில் உங்கள் கணவர் உங்களை, அவ்வளவுதான், மிச்சத்தைச் சொல்லுமுன்பே, இல்லக்கா, என்றாள் அழகுமீனா. நைட்டிக்கு மேல் போட்டிருந்த துண்டை இழுத்து இடது தோளை மூடிக்கொண்டாள். பேனா ஒன்றுக்கு மேல் போய் நின்றது. வட்டம் விழவில்லை. காலியாக விட்டுவிட்டு அறுபத்திரண்டுக்குப் போனாள். காலியாக எதையும் ஒப்படைக்கக்கூடாது என்பது இன்னொரு விதி, அன்று மத்தியானம் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவள் மூன்றைச் சுற்றி வட்டம் போட்டாள். அவள் எழுத்தைப் போலவே வட்டமும் வட்டமாக, அழகாக விழுந்தது.

கீழேயிருந்து மூச்சிரைக்கிற சத்தம் வந்தது. வேலுத்தாய் கத்தரிக்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தாள், தவமணியைப் பார்த்ததும் நின்றாள், நிற்க ஒரு சாக்குக் கிடைத்த சந்தோஷம் அவள் முகத்தில் தெரிந்தது.

"என்ன தவமணி, பரீச்சை எழுதிட்டு ரிசல்ட்டுக்கு உக்காந்திருக்கவ மாதிரி இருக்க?"

"மேடம் உள்ள இருக்காங்க. நான் எழுதினது சரியான்னு பாக்குறாங்க."

"நீ எழுதுனத அந்தப் பிள்ளை பாக்குமாக்கும். அந்தப் பிள்ளை எழுதுனத யாரு பாப்பா?"

"அதுக்கு மேல ஒரு சார் இருக்காரு."

"அவருக்கு மேல?" வேலுத்தாய் பையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்கிட்ட வந்து ரெண்டு தடவை கேட்டா ஒரு நாள் சொன்னத மறுநாள் சொல்ல மாட்டேன், பாத்துக்க. இன்னிக்கு முட்டி வலிக்குது. நேத்து வலிக்கல. எதை எழுதுவீக?"

"உங்க வீடு வரிசையில வரலக்கா."

"அதுவும் அப்படியா. வலிக்கிற முட்டிய விட்டுட்டு வலிக்காத வீடாப் பாத்து எண்ணுறீகளாக்கும்." அவள் சாத்திய கதவைப் பார்த்தாள், குரலை இறக்கினாள். "உள்ள கெழவி இருக்கா?"

"இருக்கு."

"அப்ப என்னத்தச் சொல்லும் அந்தப் புள்ள," என்று சொல்லிவிட்டு வேலுத்தாய் பையை எடுத்துக்கொண்டு மேலே போனாள். நாலாவது படியில் ஒரு கத்தரிக்காய் உருண்டு விழுந்தது, குனிய முடியாமல் காலாலேயே சுவரோரம் தள்ளிவிட்டுப் போனாள்.

அப்படியானால் வேலுத்தாய்க்கும் தெரியும். இந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும், படிவத்துக்கு மட்டும் தெரியாது என்று நினைத்தபோது தவமணிக்கு ஒரு நிமிடம் தைரியமாக இருந்தது, அடுத்த நிமிடமே அந்தத் தைரியம் கலைந்தது. எல்லாருக்கும் என்ன தெரியும். தனக்கு என்ன தெரியும். அவள் வீடு இதற்கு நேர் கீழே இரண்டாம் மாடியில், மேலே நாற்காலி இழுத்தால் இங்கே கேட்கும், கிழவி இருமினால் கேட்கும். அழகுமீனாவின் புருசன் லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு ஏறி வருகிற செருப்புச் சத்தம் கேட்கும். அப்புறம் ஏதாவது ஒரு பாத்திரம் கீழே விழுகிற சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லாமல் இருக்கும். அப்புறம் குழாயைத் திறந்துவிடுகிற சத்தம், வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும், வாளி நிறைந்த பிறகும் விழும். அந்தக் குழாய்ச் சத்தம்தான் அவளுக்குத் தெரிந்தது, மற்றதெல்லாம் அவள் அதிலிருந்து பிரித்து எடுத்துக்கொண்டது. ஏனென்றால் அவளே குழாயைத் திறந்துவிட்டிருக்கிறாள். பத்தொன்பது வருடம். பக்கத்து வீட்டில் கேட்டுவிடக்கூடாது என்று முதலில் குழாயைத் திறப்பாள், பிறகு அழுவாள், சில நாள் குழாயைத் திறந்துவிட்டு அழவே மறந்துபோய் வாளியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். புருசன் செத்து ஆறு வருடம் ஆகிறது. பயிற்சியின் மூன்றாம் நாள் ஒருவரையொருவர் கேட்டுப் பழகச் சொன்னார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேலூர்க்காரப் பெண் அவளிடம் கேட்டாள், கடந்த பன்னிரண்டு மாதங்களில் உங்கள் கணவர் உங்களை அடித்தோ தள்ளியோ. இல்லை, என்றாள் தவமணி. அது பொய்யில்லை. செத்தவர் எப்படி அடிப்பார். மேலூர்க்காரி ஒன்றைச் சுற்றி வட்டம் போட்டாள், அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே தவமணி மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள், எலுமிச்சைச் சாதம், அப்பளம் நமத்துப்போயிருந்தது. பன்னிரண்டு மாதம் என்று ஒரு கோடு கிழித்துவிட்டார்கள், கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பத்தொன்பது வருடம் எந்தக் கட்டத்திலும் அடங்காது, ஆனால் கோடு கிழிக்காமல் எண்ணவும் முடியாது, அதுவும் அவளுக்குப் புரிந்தது, சார் விளக்கியபோதே புரிந்தது, புரிந்ததால் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது இந்தப் படியில் உட்கார்ந்திருக்கும்போது வேறொன்று தோன்றியது. அந்த மூன்று யாருடைய மூன்று. அழகுமீனாவின் தோளில் என்ன இருந்தது, காயமா, கன்றிப்போன தடமா, வடை சுடும்போது தெறித்த எண்ணெயா, அவள் பார்க்கவே இல்லையே, துண்டை இழுத்ததைத்தானே பார்த்தாள். வாளி நிறைந்த பிறகும் தண்ணீர் விழுந்தால் அது வெறுமனே குழாயை மூட மறந்ததாகவும் இருக்கலாம். கதை கேட்கப் போகிறவர்களுக்கு சார் சொன்னது ஒன்று ஞாபகம் வந்தது, உங்க கதையை அவங்க வாயில வச்சுடாதீங்க. அது நமக்கில்லை, கதை கேட்கிறவர்களுக்கு என்று அன்றைக்கு அவள் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. அவளுடைய பத்தொன்பது வருடத்துக்கு எங்கேயும் இடம் கிடைக்காமல் அதைக் கொண்டுபோய் இந்தப் பிள்ளையின் படிவத்தில் வைத்துவிட்டாளா. வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாளே அன்றைக்கு, அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது. அப்படியும் இல்லை, அந்தப் பிள்ளை துண்டை இழுத்த விதம் அவளுக்குத் தெரியும், தெரியும் என்பது வேறு, பார்த்தேன் என்பது வேறு, அவள் சொன்னாள் என்பது இன்னும் வேறு, மூன்றையும் ஒரே வட்டத்துக்குள் போட்டு அடைத்தாகிவிட்டது. இருபத்தாறு நிமிடம். கதவுக்குப் பின்னால் குருவம்மாள் சிரிப்பது கேட்டது, சிரித்தால் தப்பில்லை, சிரித்தால் இன்னும் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன செய்வாள். ஒன்றும் செய்யமாட்டாள், மகன் வந்ததும் சொல்வாள், ஊரெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறா உன் பொண்டாட்டி என்று ஒரு வாக்கியம், அது போதும், கீழே தவமணி அந்தச் செருப்புச் சத்தத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டியதுதான்.

தாழ்ப்பாள் விழுந்தது. ஹெப்சிபா வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினாள். படிவம் அவள் நெஞ்சோடு அணைத்து, எழுத்து உள்பக்கமாக, யார் கண்ணிலும் படாமல் இருந்தது. இந்தப் பிள்ளை அதை அப்படியேதான் வைத்திருந்திருக்கும், மடியில் விரித்திருக்காது என்று தவமணிக்கு அப்போதுதான் பட்டது. எழுந்து நின்றாள்.

"ஸாரிக்கா, லேட்டாயிடுச்சு. அந்த அம்மா என் ஊரு, சாதி, சம்பளம் எல்லாம் கேட்டு முடிக்கவே கால் மணி நேரம். எழுந்து போங்கன்னு சொல்ல முடியல. ஒன்பது பதில் நீங்க எழுதின மாதிரியே இருக்கு. உங்க வேலை சுத்தமா இருக்குக்கா." அவள் பேனாவால் படிவத்தின் ஓரத்தைத் தட்டினாள். "ஒண்ணே ஒண்ணுதான் மாறுது. அறுபத்தொண்ணு. ஆளுங்க மாத்திச் சொல்றது சகஜம்தான். ஒரு நிமிஷம் இருங்க, ரெண்டு பதிலையும் வாசிச்சு எது சரின்னு அவங்ககிட்டயே கேட்டுட்டு வந்துடறேன். மாறினா கேட்டாகணும்."

அதுவும் விதி. தவமணிக்குத் தெரியும். கை தவறி விழுந்த வட்டம் என்று சொல்லலாம் என்று பன்னிரண்டு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள், ஆனால் கை தவறினாலும் அந்தப் பெண்ணிடமே கேட்டுத்தான் திருத்தவேண்டும், எந்தப் பக்கம் போனாலும் அந்தக் கதவுக்குள்தான் போய் முடிகிறது. யாரும் உள்ளே போகவேண்டாம் என்றால் அதற்கு ஒரே வழிதான். கேட்டு எழுதாமல் தானே எழுதிய படிவத்தைச் சரிபார்க்க மாட்டார்கள், தள்ளிவிடுவார்கள். அதோடு அதை எழுதியவள் எழுதிய எல்லாவற்றையும். ஹெப்சிபாவின் கை கதவில் இருந்தது.

"போகாதீங்க மேடம்."

"என்னக்கா?"

"அது அவ சொன்னதில்ல. அவ ஒண்ணுதான் சொன்னா. மூணு நான் போட்டது."

ஹெப்சிபா கதவிலிருந்து கையை எடுத்தாள். படியில் இரண்டு படி இறங்கி, பிறகு ஏதோ நினைத்து மறுபடி ஒரு படி ஏறினாள். "ஏன்?" என்று கேட்டாள், அதில் கோபம் இருந்திருந்தால் தவமணிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மேலேருந்து சத்தம் கேக்கும். அதான்."

"நீங்க கேட்டீங்களா? அடிக்கிறதை?"

"தண்ணி திறந்துவிடுறது கேக்கும்." சொன்ன பிறகு அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. "எனக்கு வேற மாதிரி சொல்லத் தெரியல மேடம்."

ஹெப்சிபா படிவத்தின் முதல் பக்கத்தைத் திருப்பித் தவமணியின் கையெழுத்தைப் பார்த்தாள். "நாற்பத்தாறு வீடுக்கா," என்றாள். "மொத்தமும் வச்சுக்க முடியாது. தெரியும்தானே."

"மிச்ச நாப்பத்தஞ்சும் அவங்க சொன்னதுதான். ஒரு எழுத்து மாத்தல."

"நீங்க சொல்றதை நம்பறேன்க்கா. ஆனா அந்தத் தாளை மட்டும் பார்க்கிறவங்களுக்கு அது எப்படித் தெரியும்?"

நாற்பத்தாறு பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, சிலர் அழுது, சிலர் கொட்டாவி விட்டு அவளிடம் சொன்னதெல்லாம் ஒரு வட்டத்தால் போயிற்று, அவர்களிடம் போய் என்ன சொல்வது, எந்த முகத்தோடு காய்கறி வாங்கப் போவது என்று ஒரு பக்கம் ஓடியது, இன்னொரு பக்கம், கதவு சாத்தியே இருக்கிறது, உள்ளே கிழவி டிவியைப் போட்டுவிட்டாள், ஒன்றும் நடக்கவில்லை, ஒன்றும் நடக்கவில்லை என்று ஓடியது. இரண்டில் எது பெரிது என்று அவளால் பிரிக்க முடியவில்லை. பையில் மிச்சமிருந்த எழுதாத படிவங்களை எடுத்து எண்ணி ஹெப்சிபாவிடம் கொடுத்தாள், பதினான்கு.

ஹெப்சிபா அவற்றை வாங்கிப் பைக்குள் வைத்தாள். தவமணியோடு மூன்று மாடி இறங்கி, வாகனம் நிறுத்துமிடத்தின் தகரக் கூரைக்குக் கீழே வந்ததும் பேசினாள். "இனிமே இந்த வீட்டுக்கு வேற ஆள் வந்து முதல்லேருந்து கேட்பாங்க. அப்பவும் அந்த அம்மா எதிரே உட்கார்ந்திருப்பாங்க. அப்பவும் ஒண்ணுதான் விழும்." பேனா மூடியைக் கழற்றி மாட்டினாள், கழற்றி மாட்டினாள். "அந்தப் பொண்ணு எப்பத்தான் தனியா இருப்பாங்க?"

"தனியா எங்க இருக்கு." தவமணி யோசித்தாள். "பன்னெண்டு மணிக்குப் பால்வாடிக்குப் பிள்ளையக் கூப்பிடப் போகும். போறப்ப மட்டும் தனியா. எட்டு நிமிசம் நடக்கணும். வரும்போது பிள்ளை இருக்கும், அது கேட்டத அப்படியே அப்பத்தாகிட்ட ஒப்பிச்சிரும்."

"எட்டு நிமிஷத்துல எண்பத்துநாலு கேள்வி கேட்க முடியாதே."

"கேக்காதீங்க மேடம்." சொல்லிவிட்டுப் பயமாக இருந்தது, ஏற்கெனவே ஒரு தப்புச் செய்தவள் இப்படிச் சொல்லலாமா என்று. ஆனாலும் வாய் நிற்கவில்லை. "கேட்டா இல்லன்னுதான் சொல்லும். தாள் எதுவும் எடுத்துட்டுப் போகாதீங்க. சும்மா கூட நடங்க. வெயிலா இருக்குன்னு எதையாவது சொல்லுங்க. அது குடை வச்சிருக்கும், உங்க தலைக்கும் சேத்துப் பிடிக்கும்."

"எத்தனை நாள் நடக்கணும்?"

"அது தெரியாது."

ஹெப்சிபா தன் பையைக் கழற்றி, படிவங்களோடும் பேனாவோடும் சேர்த்துத் தவமணியின் கையில் கொடுத்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஐம்பத்திரண்டு.

"பால்வாடி எந்தப் பக்கம்க்கா?" என்றாள்.